கணினியைப் பூட்டலாம், சாவி யாரிடம்?

வாசுதேவநல்லூரில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில் அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்று கிடக்கும். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், தமிழக அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த கணினிகள் அவை. பாடம் படிக்க வந்தது இன்று வீட்டின் பீரோவாகிவிட்டது. ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், பத்திர ஸ்கேன், மகளிர் குழுக் கணக்கு, கல்யாணப் படங்கள் எல்லாம் அதற்குள்தான். பழுதானால் புளியங்குடிக்கோ சங்கரன்கோவிலுக்கோ கொண்டுபோய், கேட்பதற்கு முன்பே பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். பழசானால் வந்த விலைக்கு விற்றுவிடுகிறோம்.

"பாஸ்வேர்டு போட்டிருக்கிறேனே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணினியின் அடிமூடியில் உள்ள திருகுகளைக் கழற்றி, ஹார்டு டிஸ்க்கை எடுத்து, யுஎஸ்பி உறையில் போட்டு வேறொரு கணினியில் செருகினால் போதும். அந்தப் பாஸ்வேர்டை யாரும் கேட்க மாட்டார்கள். ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நிற்கும். பழைய ஹார்டு டிஸ்க்குகளில் நீங்கள் அழித்த படங்களைக்கூடப் பல நேரம் மீட்டுவிடலாம். குறியாக்கம், அதாவது என்கிரிப்ஷன், செய்த டிஸ்க் என்றால் கதை வேறு. திறவுகோலைக் கேட்கும், இல்லாவிட்டால் ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். உள்ளே இருப்பது புரியாத எண்குவியல்.

எந்த மென்பொருள் நல்லது? ஏற்கெனவே உங்கள் கணினியில் இருப்பதை முதலில் பாருங்கள். விண்டோஸ் புரோ பதிப்பில் பிட்லாக்கர் உண்டு. ஹோம் பதிப்பு உள்ள புதிய கணினிகள் பலவற்றில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற எளிய வடிவம் இருக்கிறது. மேக்கில் ஃபைல்வால்ட். லினக்ஸ் நிறுவும்போதே டிஸ்க் முழுவதையும் பூட்டும் வசதி வருகிறது. இவை எதுவும் கிடைக்காத பழைய கணினிக்கு நான் சொல்வது வெராகிரிப்ட். இலவசம், மூலநிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கிறது, டிஸ்க் முழுவதையும் பூட்டலாம் அல்லது ஒரு ரகசியப் பெட்டகம் மட்டும் உருவாக்கலாம்.

மூலநிரல் திறந்திருப்பதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன்? 2014 மே மாதம் உலகமெங்கும் நம்பிப் பயன்படுத்திய ட்ரூகிரிப்ட் திடீரென்று நிறுத்தப்பட்டது. உருவாக்கியவர்கள் யாரென்றே வெளியுலகுக்குத் தெரியாது. ஆனால் நிரல் எல்லோர் கையிலும் இருந்ததால், வல்லுநர்கள் அதைத் தணிக்கை செய்து, வேண்டுமென்றே வைத்த பின்வாசல் இல்லை என்று 2015இல் சொல்ல முடிந்தது. அதிலிருந்து கிளைத்த வெராகிரிப்ட் இன்றும் தொடர்கிறது. இதற்கு நேர்மாறாக, சில எஸ்எஸ்டி டிஸ்க்குகள் தமக்குள்ளேயே வைத்திருந்த குறியாக்கத்தைக் கடவுச்சொல் இல்லாமலே திறக்க முடிந்ததை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள். அந்த டிஸ்க்குகளின் குறியாக்கத்தை நம்பித் தானே பூட்டாமல் விட்டிருந்த பிட்லாக்கரும் அவற்றில் பயனற்றுப் போனது. யாரும் உள்ளே பார்க்க முடியாத பூட்டை விளம்பரத்தை வைத்து நம்பக் கூடாது. 'ஃபோல்டர் லாக்' என்ற பெயரில் சுற்றும் செயலிகளில் பல, ஃபோல்டரைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பதோடு சரி. கிராக் செய்த பதிப்பைப் பாதுகாப்புக்கென்று போடுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

ஆனால் நம் ஊர்ப்பக்கம் எனக்கு அதிகக் கவலை தருவது திருட்டு அல்ல, சாவி தொலைவது. பிட்லாக்கருக்கு 48 இலக்க மீட்பு எண் ஒன்று உண்டு. டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கத் தொடங்கும்போது அந்த எண், கணினியில் முதலில் நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய்ச் சேருகிறது. புதுக் கணினியை அமைத்துத் தருகிறவர் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலையே போட்டிருந்தால் உங்கள் சாவி அவரிடம். ஒரு நாள் அப்டேட்டுக்குப் பிறகு நீலத்திரை வந்து அந்த எண்ணைக் கேட்டால், கணினியில் பூட்டு இருந்ததே உங்களுக்கு அப்போதுதான் தெரியும். எண் இல்லையென்றால் எந்தக் கடையும் கோப்புகளை எடுத்துத் தர முடியாது. காசு கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். இன்றைக்கே செட்டிங்ஸில் 'என்கிரிப்ஷன்' இயங்குகிறதா என்று பாருங்கள். எண்ணைக் காகிதத்தில் அச்சிட்டு, பட்டா, பத்திரத்தோடு வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். பூட்டுவதற்கு முன் முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, அதையும் பூட்டிவிடுங்கள். கணினியைத் திறந்து வேலை பார்க்கும் நேரத்தில் வைரஸ் புகுந்தால் குறியாக்கம் காப்பாற்றாது. அப்போது கைகொடுப்பது அந்த நகல்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? சொந்தக் கோப்புகளைப் பூட்டுவதற்கு இந்தியாவில் தடையில்லை. குறியாக்கம் செய்த தகவலின் மூல வடிவை 90 நாள் வைத்திருக்கச் சொன்ன வரைவுக் கொள்கையை, எதிர்ப்பு கிளம்பியதும் 2015 செப்டம்பர் 22 அன்று மத்திய அரசே திரும்பப் பெற்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார்கள். அதேசமயம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காகக் குறியாக்கத்தை விடுவித்துத் தர உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. மறுத்தால் ஏழாண்டு வரை சிறை. பாஸ்வேர்டைச் சொல்லக் கட்டாயப்படுத்துவது, தனக்கெதிராகச் சாட்சி சொல்லாதிருக்கும் உரிமையில் கைவைப்பதா என்பதில் நீதிமன்றங்கள் வேறு வேறு விதமாகச் சொல்லியிருக்கின்றன. அப்படி ஒரு நிலை வந்தால் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

உங்கள் அனுமதியின்றி ஒருவர் கோப்புகளை மோசடியாக நகலெடுத்தால், அதே சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளின்படி மூன்றாண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் பாஸ்வேர்டையோ மின்னணுக் கையொப்பத்தையோ வைத்து உங்கள் பெயரில் மோசடி செய்தால் 66சி. பணம் பறிபோனால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். மற்றவற்றுக்குத் தேசிய சைபர் குற்ற இணையதளத்திலோ தென்காசி மாவட்ட சைபர் கிரைம் போலீசிலோ புகார் தரலாம். மதுரை பஸ்ஸில் மடிக்கணினி திருடு போனால், "எங்கள் எல்லை இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173ஆம் பிரிவின்படி எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும். கணினியின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணை இப்போதே போனில் படமெடுத்து வையுங்கள், புகார் எழுதும்போது அது கைகொடுக்கும். புகார் வரை போகாமலிருக்க, பழுதுபார்க்கக் கொடுக்கும்போது டிஸ்க்கைக் கழற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். திரையோ கீபோர்டோ மாற்ற உங்கள் டிஸ்க் பெரும்பாலும் தேவைப்படாது.