கலங்கரை விளக்கின் கற்கள்

மாலை ஆனால் எகிப்தின் அலெக்சாந்திரியா ஊரே கோர்னிஷுக்கு வந்துவிடும். கிழக்குத் துறைமுகத்தை வளைத்துக்கொண்டு ஓடும் கடற்கரைச் சாலை அது. சுவர்மேல் காலைத் தொங்கவிட்டுத் தூண்டில் போடுபவர்கள், சோளக்கதிர் சுடும் வண்டிகள், புதுமணத் தம்பதிகள் என்று இடம் களைகட்டும். வளைவின் ஒரு முனையில் கைத்பே கோட்டை. மறுமுனைக்கு அருகே 2002இல் திறக்கப்பட்ட புதிய நூலகம். தாலமி அரசர்கள் காலத்து நகரத்தின் கடல் முகப்பு இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தண்ணீரில்தான் கிடக்கிறது. கோட்டைப் பக்கம் அது ஆறு முதல் எட்டு மீட்டர் ஆழம். நம் ஊர்ப் பெரிய கிணறு ஒன்றில் இறங்குகிற ஆழம்தான்.

கி.மு. 280 வாக்கில் ஃபாரோஸ் தீவில் எழும்பிய கலங்கரை விளக்கம் 100 மீட்டரையும் தாண்டிய உயரம். அதற்கு எதிரே அரண்மனைகளும் அரசருக்கே உரிய படகுத்துறையும் இருந்தன. உரோமர் காலத்தில் நம் பக்கத்துச் சரக்கும் இந்த நகருக்கு வந்தது. முசிறியிலிருந்து யானைத் தந்தம் முதலானவற்றைச் செங்கடல் கடந்து, ஒட்டகத்திலும் நைல் படகிலும் ஏற்றி அலெக்சாந்திரியாவின் கிடங்குக்குக் கொண்டு சேர்ப்பதற்கான கடன் ஒப்பந்தம் ஒன்று பாப்பிரஸ் ஏட்டில் கிடைத்து, இன்று வியன்னாவில் இருக்கிறது. சரக்கில் கால் பங்கு வரிக்கே போனது.

பிறகு நிலநடுக்கங்கள் வந்தன, கரையும் தாழ்ந்தது. 1303இன் அதிர்ச்சி கலங்கரை விளக்கத்தை உலுக்கியது. 1326இல் பயணி இப்னு பதூதா பார்த்தபோது ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1349இல் திரும்பி வந்தபோது வாசலை நெருங்கவே முடியவில்லை. 1477இல் சுல்தான் கைத்பே அந்த இடிபாட்டு மேட்டிலேயே கோட்டையைக் கட்டத் தொடங்கினார். விழுந்து கிடந்த கல்லை விடுவார்களா? எடுத்துச் சுவரில் வைத்தார்கள். அன்றைக்கு அது பழம்பொருள் அல்ல, கையருகே கிடைத்த நல்ல கல்.

19ஆம் நூற்றாண்டில் பழங்கல் பரிசுப் பொருளாக மாறியது. இன்று ரம்ல் நிலையமும் பழைய ஹோட்டல்களும் இருக்கும் இடத்துக்கருகே, கடலோரத்தில் இரண்டு ஒற்றைக்கல் தூண்கள் இருந்தன. ஒன்று நின்றது, ஒன்று விழுந்து கிடந்தது. கிளியோபாட்ராவின் ஊசி என்று பெயர். அவளுக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எகிப்திய மன்னர் மூன்றாம் துத்மோஸ் ஹெலியோபொலிஸ் நகரில் நிறுத்தியவற்றை அகஸ்டஸ் காலத்து உரோமர்கள் இங்கே கொண்டுவந்தார்கள். உடைந்திருந்த அடிமூலைகளுக்கு முட்டுக் கொடுக்க வெண்கலத்தில் நண்டு வார்த்து வைத்தார்கள். ஒரு நண்டின் இடுக்கியில் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் ஆளுநர், கட்டுமானப் பொறுப்பாளர் பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன.

விழுந்து கிடந்த தூணை 1819இலேயே எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலி பிரிட்டனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். எடுத்துப் போக 1877 வரை ஆள் இல்லை. இரும்பு உருளைக்குள் வைத்து இழுத்துப் போனபோது பிஸ்கே விரிகுடாவில் புயல். காப்பாற்றப் போன ஆறு மாலுமிகள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அது தேம்ஸ் கரையில் நின்றது. ஒரு கடற்கரைக்கு உரியது இன்னொரு ஊரின் ஆற்றங்கரைச் சாலைக்கு அலங்காரமாகிவிட்டது. நின்றிருந்த தூண் 1881இல் நியூயார்க் பூங்காவில் ஏறியது. மிஞ்சிய இரண்டு நண்டுகளும் அங்குள்ள மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். அலெக்சாந்திரியாவில் எஞ்சியது இடம் மட்டும். அந்தக் கரையையும் 20ஆம் நூற்றாண்டில் தூர்த்து, மேலே கோர்னிஷ் போட்டார்கள்.

கடலுக்குள் பார்க்க வேண்டும் என்று முதலில் நச்சரித்தவர் உள்ளூர் முக்குளிப்பாளர் கமால் அபுல் சாதாத். 1961இல் கோட்டையடியில் சிலைகளைக் கண்டு சொன்னார். கடற்படை ஒரு பெரிய ஐசிஸ் சிலையைத் தூக்கியது. 1968இல் யுனெஸ்கோ சார்பில் கடலடித் தொல்லியலாளர் ஹானர் ஃப்ராஸ்ட் இறங்கிப் படம் வரைந்தார். அத்துடன் கோப்பு மூடிக்கொண்டது.

கால் நூற்றாண்டு கழித்து அதைத் திறந்தது கான்கிரீட். அலை அரிப்பிலிருந்து கோட்டையைக் காக்கிறோம் என்று பெரும் கான்கிரீட் பாளங்களைக் கடலில், சிலைகள் மேலேயே, தள்ளினார்கள். படப்பிடிப்புக்கு வந்த இயக்குநர் அஸ்மா எல்-பக்ரி பார்த்துக் கூச்சல் போட, செய்தித்தாள்கள் பிடித்துக்கொள்ள, வேலை நின்றது. 1994இல் தொல்லியலாளர் ழான்-ஈவ் எம்பெரெர் குழு இறங்கியது. ஸ்ஃபிங்க்ஸ்கள், தூண்கள், ஒற்றைக்கல் தூண் துண்டுகள் என 2,500க்கும் மேற்பட்டவை பதிவாயின. கோட்டையைக் காக்கப் போட்ட கான்கிரீட் இல்லாவிட்டால் இது இன்னும் எத்தனை காலம் கிடந்திருக்குமோ. அவற்றில் ஒன்றான, தாலமி அரசர் ஒருவரின் பெருஞ்சிலை இன்று நூலகத்தின் முன் நிற்கிறது.

அந்த நூலகத்தின் கதையும் இதேதான். 1993இல் அஸ்திவாரம் தோண்டும்போது தரைச் சித்திரம் ஒன்று கிடைத்தது. கவிழ்ந்து கிடக்கும் வெண்கலச் செம்பருகே, சிவப்புக் கழுத்துப்பட்டையுடன் ஒரு நாய் உட்கார்ந்து நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. தட்டிவிட்டது யார் என்று அதன் விழியிலேயே தெரிகிறது. பொடிப்பொடிக் கற்களில் இப்படி ஒரு முழியைக் கொண்டுவந்த கைக்கு, கரையில் நின்ற பெருஞ்சிலைகள் அத்தனையையும்விட நான் அதிக மரியாதை தருவேன். இப்போது நூலகத்துக்குள்ளேயே உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடலிலும் தேடல் தொடர்ந்தது: 1996இல் கடலடித் தொல்லியலாளர் ஃபிராங்க் கோடியோ குழு துறைமுகத்தின் நடுவே, முழுகிப்போன ஆன்டிரோடோஸ் தீவை வரைபடத்தில் கொண்டுவந்தது.

கடலடியில் கிடப்பதைத் தூக்குகிற ஆசை குறைந்து, முடிந்தவரை இருக்கும் இடத்திலேயே வைப்பது முறையாகிவிட்டது. 2001இன் யுனெஸ்கோ உடன்படிக்கையும் அதைத்தான் முதலில் சொல்கிறது. கடலடி அருங்காட்சியகம் கட்டலாம் என்ற யோசனை பல ஆண்டுகளாக யோசனையாகவே இருக்கிறது. கோர்னிஷோ அகலமாகிக்கொண்டே போகிறது. உணவகங்களும் கட்டுமானங்களும் கடலை மறைக்கின்றன என்று ஊர்க்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

2025 ஜூலையில் கலங்கரை விளக்கத்தின் 22 பெருங்கற்களை மேலே எடுத்தார்கள். வாசல் நிலை, உத்தரம், படி. சில 70, 80 டன். அருங்காட்சியகத்துக்காக அல்ல, எல்லாப் பக்கமும் படம் பிடிக்க. நீருக்குள்ளேயே ஏற்கெனவே படமெடுத்த நூற்றுக்கு மேற்பட்ட கற்களோடு சேர்த்து, கணினியில் கோபுரத்தை மறுபடி அடுக்கிப் பார்க்கும் ஃபாரோஸ் திட்டம் அது. எல்லாக் கல்லும் கடலில் கிடைக்காது. சில கைத்பே சுவரில் இருக்கின்றன. கோட்டையும் இப்போது பாதுகாக்கப்பட்ட சின்னமாகிவிட்டதால், அவற்றை யாரும் உருவி எடுக்க முடியாது.