பதினைந்து ஊர் உப்புமா

1987-இல் ஹைதராபாத்தை அடுத்த ரங்காரெட்டி மாவட்டத்தில் ஒரு பகுதிக்கு அங்கன்வாடித் திட்டம் வந்திருந்தது; பக்கத்துப் பகுதி இன்னும் காத்திருந்தது. அங்கன்வாடிகளை நடத்தும், 1975 காந்தி ஜெயந்தியன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் ஊர் ஊராகத்தான் நகர்ந்துகொண்டிருந்தது. அந்தத் தாமதத்தையே ஓர் ஆய்வுக்கு வாய்ப்பாகப் பயன்படுத்திக்கொண்டது ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அங்கன்வாடி உணவு கிடைத்தவை 15 ஊர்கள், கிடைக்காதவை 14. தடுப்பூசி உள்ளிட்ட மற்ற அரசுத் திட்டங்கள் இரு பக்கமும் இருந்தன.

மக்காச்சோளமும் சோயாவும் கலந்த மாவில் சோயா எண்ணெய் விட்டுத் தினமும் உப்புமா கிளறினார்கள். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சுமார் 500 கலோரி. ஆறு வயது வரையான குழந்தைக்கு 300. பிறந்த குழந்தைகளை நிறுத்துப் பார்த்தபோது, உணவு கிடைத்த ஊர்களில் சராசரி எடை 61 கிராம் கூடுதல். இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்கத் தோன்றும். ஆய்வும் 1990-இல் முடிந்தது.

ஆய்வை நடத்திய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சின்னப் பிரிவுதான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் அதை வழிநடத்திய சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். கோதுமை, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, வெல்லம் சேர்ந்த ‘ஹைதராபாத் மிக்ஸ்’ சத்துமாவும் இங்கிருந்து வந்ததுதான்.

உப்புமா கதைக்கு வருவோம். 2003-க்கும் 2005-க்கும் இடையில் ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். குழந்தைகள் 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளாகியிருந்தார்கள். 1,165 பேரைப் பரிசோதித்ததில் உணவு கிடைத்த ஊர்ப் பிள்ளைகள் சராசரியாக 14 மில்லிமீட்டர் கூடுதல் உயரம். அதைவிட முக்கியமான செய்தி ரத்தத்தில் இருந்தது. இன்சுலினுக்கு உடல் கீழ்ப்படியாத நிலை அவர்களிடம் சுமார் 20 சதவீதம் குறைவு. ரத்தக்குழாய்களின் விறைப்பும் குறைவு. ரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் மட்டும் வித்தியாசமில்லை. 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானபோது, கருவிலும் மழலையிலும் கிடைத்த சோறு பிற்காலத்தில் சர்க்கரை நோயையும் இதய நோயையும் தள்ளிவைக்கும் என்ற நம்பிக்கை துளிர்த்தது.

அந்த நம்பிக்கை நீடிக்கவில்லை. பிள்ளைகள் இருபது வயதைத் தொட்டபின் மறுபடி சோதித்தார்கள். முடிவு 2020-இல் பிளோஸ் மெடிசின் இதழில் வந்தது: தாய்க்குக் கொடுத்த கூடுதல் உணவால் பிள்ளையின் இதய நோய் அபாயம் குறைந்ததற்குச் சான்றில்லை. ஊர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை என்ற குறையும் இந்த ஆய்வுக்கு உண்டு.

அப்படியானால் உப்புமா வீணா? இல்லை. அந்தப் பிள்ளைகளின் படிப்பைத் தனியாகக் கணக்கிட்ட பொருளாதார ஆய்வு, உணவு கிடைத்த ஊர்களில் அவர்கள் ஏறக்குறைய ஒரு வகுப்பு கூடுதலாகப் படித்திருப்பதைக் காட்டியது. தேர்வு மதிப்பெண் மட்டும் கூடவில்லை. ஆறு வயதோடு நின்றுபோன ஒரு கிண்ணம் உப்புமா, இருபது வயதின் ரத்தக்குழாய்க்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று எதிர்பார்த்ததுதான் பேராசை.

நடுவில் ஊர்களே மாறிவிட்டன. ஹைதராபாத் பெருகிப் பெருகிக் கிராமங்களை நெருங்கியது. 2010-க்குப் பிறகு ஆய்வு பெற்றோர், உடன்பிறந்தோர் என்று மொத்தக் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்தார்கள், நடமாட்டத்தைப் பதிய உடம்பில் சிறு கருவிகளைக் கட்டிவிட்டார்கள். செயற்கைக்கோள் படத்தில் எந்த ஊர் இரவில் எவ்வளவு ஒளிர்கிறது என்பதைக்கூட நகரமயத்துக்கு அளவுகோலாக்கினார்கள். வெளிச்சம் அதிகமான ஊர்களில் உடற்பருமனும் ரத்த அழுத்தமும் அதிகம். குழந்தைக்கு மட்டும் தட்டு வைத்துவிட்டு வீட்டை அப்படியே விட்டால் போதாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

தெலங்கானா அரசு 2015-இல் தொடங்கிய ஆரோக்கிய லட்சுமி திட்டம் இந்தக் குடும்பக் கணக்கைப் புரிந்துகொண்ட ஒன்று. கர்ப்பிணி அங்கன்வாடியிலேயே உட்கார்ந்து சாதம், கீரை போட்ட பருப்பு, முட்டை, பால் சாப்பிட வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பங்கு போட்டதுபோக அவளுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலாமிர்தம் என்ற சத்துமாவு வீட்டுக்கே போகிறது.

உணவின் பக்கம் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். ஓடியாடும் பக்கம்தான் வறட்சி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஹைதராபாத் நகரப் பிள்ளைகள் 1,208 பேரை, 12 முதல் 17 வயது வரையுள்ளவர்களை, ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். தினம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ டிவி பார்த்தவர்களில் 10.4 சதவீதம் பேருக்கு அதிக எடை. வாரம் ஆறு மணி நேரமாவது வெளியே விளையாடியவர்களில் அது 3.1 சதவீதம். தினம் மூன்று மணி நேரம் வீட்டு வேலை செய்தவர்களில் 4.7. ஜிம்மும் வேண்டாம், கோச்சும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்குச் சொல்லும் அளவும் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்துக்குத் தெருவில் இடமில்லை, பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்கிறார், தேர்வு நெருங்கினால் பெற்றோரும் அதை ஆட்சேபிப்பதில்லை.