டிசம்பர் வெயிலில் கிராமத்துக்குக் குடிபோதல்

மார்கழியில் வீடு மாற நம்மில் பலர் ஒப்புவதில்லை. தை பிறக்கட்டும் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் கதை வேறு. நகரத்தை விட்டுக் கிராமப்புறத்தில் சில ஏக்கர் வாங்கிக் குடியேறும் குடும்பங்களில், பிள்ளைகள் உள்ளவர்கள் பலர் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் மூட்டை கட்டுகிறார்கள். காரணம் பள்ளிக்கூடம். அங்கே கல்வியாண்டு டிசம்பரில் முடிந்து, ஜனவரிக் கடைசியில் புதிதாகத் தொடங்குகிறது. முதல் நாளே பிள்ளை புதுப் பள்ளியில் உட்கார வேண்டுமானால் இடையில் கிடைக்கும் சில வாரங்களை விட்டால் வழியில்லை.

ஆனால் பூமியின் தென்பாதியில் டிசம்பர் கோடைக்காலம். பள்ளிக்கு வசதியான மாதம் நிலத்துக்குப் பொல்லாத மாதம்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வழக்கமாக அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை காட்டுத்தீ அபாயக் காலம். 2019 டிசம்பர் 31 விடியற்காலையில், அம்மாநிலத்தின் கோபார்கோ என்ற சிற்றூரில் கடைத்தெருவே எரிந்தது. அதே நாளில் விக்டோரியா மாநிலத்தின் மல்லகூட்டாவில் ஆயிரக்கணக்கானோர் கரையோரம் ஒதுங்கி நின்றார்கள். சாலை அடைபட்டுவிட்டதால் பலரைக் கடற்படைக் கப்பல் வந்துதான் ஏற்றிச் சென்றது.

ஆகவே லாரியில் கட்டில் ஏறுகிறதோ இல்லையோ, ஒரு திட்டம் எழுதப்பட வேண்டும் என்று தீயணைப்புத் துறையினர் சொல்கிறார்கள். எந்த அறிகுறி கண்டதும் கிளம்புவது, எந்த வழியாக, யார் வீட்டுக்கு, நாயையும் ஆட்டையும் யார் ஏற்றுவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் தீக்கு 173 பேர் பலியானார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீடுகளுக்குள்ளேயே இறந்தவர்கள். அதன் பிறகு அறிவுரையின் அழுத்தம் வீட்டைக் காப்பதிலிருந்து முன்கூட்டியே வெளியேறுவதற்கு மாறியது. 2022 செப்டம்பரிலிருந்து நாடு முழுவதும் தீ அபாயம் நான்கு படிகளாக அறிவிக்கப்படுகிறது. உச்சப்படி அறிவித்துவிட்டால், புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும்.

வீடு மாறியவர்களிடம் கடைசியில் மிஞ்சுவது அட்டைப்பெட்டிக் குவியல். இத்தனை பெரிய நிலத்தில் ஒரு மூலையில் போட்டுக் கொளுத்தினால் என்ன என்று நகரத்து மனம் கேட்கும். அபாயக் காலத்தில் அனுமதி இல்லாமல் அப்படிச் செய்தால் அது குற்றம். முழுத் தீத்தடை அறிவித்த நாளில் வெட்டவெளியில் விறகடுப்பும் கரியடுப்பும்கூடக் கூடாது; கிறிஸ்துமஸ் விருந்துக்கு இறைச்சி வாட்டுவதானால் கேஸ் அல்லது மின்சார அடுப்புத்தான், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. காய்ந்த புல்லை உச்சி வெயிலில் இயந்திரம் வைத்து வெட்டுவதும் ஆபத்து. பிளேடு கல்லில் பட்டுத் தெறிக்கும் ஒரு பொறி போதும். புல் வெட்டுவதற்கு ஏற்ற காலம் வசந்தம், அதாவது நிலம் பழைய சொந்தக்காரர் கையில் இருந்த காலம். ஒப்பந்தம் போடும்போதே அந்த வேலையை அவர் தலையில் கட்டிவிடுகிறவர் கெட்டிக்காரர்.

அடுத்தது தண்ணீர். குழாய் இணைப்பு எட்டாத இடங்களில் கூரையில் விழும் மழைதான் குடிநீர். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 200 சதுர மீட்டர் கூரையும் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழையும் இருந்தால், ஒரு சொட்டும் வீணாகாமல் பிடித்தாலும் 1,20,000 லிட்டர்தான். நாலு பேர், தலைக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் என்று வைத்தால் ஆண்டுக்கு 2,19,000 லிட்டர் வேண்டும். கிட்டத்தட்டப் பாதி துண்டு விழுகிறது. கொட்டகைக் கூரைகளையும் தொட்டியோடு இணைக்கலாம், குளியல் நேரத்தைக் குறைக்கலாம். அதற்கும் மேல் போனால் லாரித் தண்ணீர்தான்; சென்னைக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

உள்ள தண்ணீரிலும் ஒரு பங்கைத் தீயணைக்க ஒதுக்கி வைத்தாக வேண்டும். தொட்டி நிறைய இருந்து என்ன, மோட்டார் ஓடுவது மின்சாரத்தில். தீ நெருங்கும்போது பல சமயம் மின்கம்பிதான் முதலில் அறுந்து விழும். அதனால் டீசல் அல்லது பெட்ரோல் மோட்டார் ஒன்றைத் தனியாக வாங்கி, அதை எப்படிக் கிளப்புவது என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லாருமே பழகிக்கொள்வது நல்லது. பிளாஸ்டிக் தொட்டி அனலில் உருகும் என்பதால் தீயணைப்புத் தண்ணீருக்கு இரும்பு அல்லது கான்கிரீட் தொட்டி விரும்பப்படுகிறது.

சாக்கடை இணைப்பும் பல இடங்களில் கிடையாது, செப்டிக் டேங்க்தான். அளவுக்கு மீறி பிளீச் ஊற்றினால் கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். அது அடைத்துக்கொள்ளும் நாள் டிசம்பர் 26 ஆக இருந்தால் தீர்ந்தது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் உள்ளாட்சி அலுவலகமும் வக்கீல் அலுவலகமும் மூடியிருக்கும், பிளம்பர் கடலோரத்தில் குடும்பத்தோடு இருப்பார்.

கிராமத்துக் கதவு எண்ணில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. சாலை தொடங்கும் இடத்திலிருந்து வாசல் எத்தனை மீட்டர் என்று அளந்து, பத்தால் வகுத்து எண் கொடுக்கிறார்கள். 145 என்றால் சுமார் 1,450 மீட்டர் தள்ளி. ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். புகையிலும் இருட்டிலும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தூரமானியைப் பார்த்தே வாசலைக் கண்டுபிடித்துவிடலாம். எனவே அந்த எண் பலகை புதருக்குள் மறையாமல் இருக்க வேண்டும்.

பிள்ளைகள் ஆசைப்பட்டு ஒரே ஒரு ஆடு வளர்ப்பதானாலும் நியூ சவுத் வேல்ஸில் அந்த நிலத்துக்கு அடையாளக் குறியீடு வாங்க வேண்டும். கால்நடை நோய் பரவினால் தடம் பிடிப்பதற்காக இந்த ஏற்பாடு. கொட்டகையில் அடுக்கிய பெட்டிகளை எடுக்கும்போது கையுறையும் பூட்ஸும் தேவை. கிழக்குப் பழுப்புப் பாம்பு கொடிய நஞ்சுள்ளது, எலியைத் தேடி அங்கேதான் வரும். கடிபட்ட கையையோ காலையோ முழுதும் அழுத்திக் கட்டி அசையாமல் வைக்கும் முதலுதவியை மெல்பர்ன் மருத்துவர் ஸ்ட்ருவன் சதர்லண்ட் 1970களில் உருவாக்கினார். நம்மூர்க் கண்ணாடி விரியன் கடிக்கு அந்த முறை பரிந்துரைக்கப்படுவதில்லை.

இத்தனைக்கும் நடுவே புதியவர்களுக்குக் கிடைக்கும் பெரிய உதவி ஊர்த் தீயணைப்புக் குழு. கிராமப்புறத்தில் தீயணைப்பு வண்டியோடு வருபவர்கள் பெரும்பாலும் சம்பளக்காரர்கள் அல்லர். பக்கத்துத் தோட்டத்து விவசாயி, பள்ளி ஆசிரியை, கடைக்காரர் போன்ற தன்னார்வலர்கள். நியூ சவுத் வேல்ஸில் மட்டும் இவர்கள் சுமார் 70,000 பேர். தொட்டியின் குழாய் எங்கே இருக்கிறது, வண்டி எந்த வாசலில் நுழைய முடியும் என்பதைக் குடியேறியவுடன் அவர்களிடம் சொல்லி வைக்கலாம். விருப்பமிருந்தால் குழுவில் சேரவும் செய்யலாம். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை.