விபத்தில் மாண்ட தொழிலாளியின் நஷ்டஈட்டுப் பணம் யாருக்குரியது?

கிணற்றை ஆழப்படுத்தும்போது மண் சரிந்து கூலியாள் ஒருவர் மாண்டுபோனதாக வைத்துக்கொள்ளலாம். கிணற்றுக்குடையவர் ஈமச் செலவுக்குச் சிறிது பணமும், விதவையின் கையில் ரூ. 10,000-மும் கொடுத்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொள்கிறார். விவகாரம் தீர்ந்ததென்று எல்லோரும் கலைந்து போகின்றனர். பிறகு இறந்தவருக்குக் கடன் கொடுத்திருந்த மளிகைக்காரரும், அவர் அங்கத்தினராயிருந்த கூட்டுறவுச் சங்கத்தின் பஞ்சாயத்தாரும் அப்பணத்திலிருந்து தங்கள் பாக்கியைக் கேட்கத் தொடங்குகின்றனர். சட்டத்தின் நோக்கில், விவகாரம் தீர்ந்ததென்பதும் தவறு. கடன் கொடுத்தவர்கள் கேட்பதும் தவறு. இவ்விஷயத்தைச் சங்கத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம். அவர்களில் சிலர் கூலிக்குப் போகிறவர்கள். சிலர் கூலிக்கு ஆள் வைக்கிறவர்கள். ஒரே மனிதர் இரண்டுமாக இருப்பதும் உண்டு.

சட்டம் வளர்ந்த விதம்

தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923-ம் வருஷத்தில் இயற்றப்பட்டு, 1924-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு, முதலாளியின் அஜாக்கிரதையை ருஜுப்படுத்தினாலன்றிக் குடும்பத்தாருக்குப் பணம் கிடைப்பது அரிது. அச்சட்டமோ, விபத்து வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேர்ந்ததென்று காட்டினால் போதுமென்று வகுத்தது. ஆயினும், முதலாளியின் தொழிலுக்கல்லாத காரியத்துக்குத் தற்செயலாக அமர்த்தப்பட்ட ஆளுக்கு அதில் இடமிருக்கவில்லை. அவ்விலக்கு 2000-ம் வருஷத்துத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. 2025-ம் வருஷம் நவம்பர் மாதம் 21-ந் தேதி முதல் அப்பழைய சட்டத்தினிடத்தில் 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. பழைய சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகள் இதிலும் தொடர்கின்றன.

கிராமத்தில் எவ்வெவ்வேலைகள்

இச்சட்டம் ஆலைகளுக்கே உரியதென்று பலர் எண்ணுகின்றனர். அட்டவணையைப் பார்த்தால் அவ்வெண்ணம் நீங்கும். 12 அடிக்கு மேற்பட்ட ஆழமுள்ள பள்ளம் தோண்டுதல், கிணறு வெட்டுதல், ஆழப்படுத்துதல், ஆழ்குழாய்க் கிணறு இறக்குதல், டிராக்டர் முதலிய யந்திரங்களைக் கொண்டு பயிர்செய்தல், யந்திரத்தால் அறுவடை செய்தல், கதிரடித்தல், பயிருக்குப் பூச்சி மருந்து தெளித்தல் ஆகியவை அதில் சேர்ந்துள்ளன. மண்வெட்டியும் அரிவாளும் கொண்டு செய்யும் சாதாரண வயல்வேலை தனியே சொல்லப்படவில்லை. ஆகவே, ஒரு நாளைக்கு ஓராளைக் கிணற்றில் இறக்கும் சிறு குடியானவரும் அன்றைக்குச் சட்டத்தின் கண்ணில் முதலாளியே யாவார்.

“ஆள் குடித்திருந்தான், சொன்ன சொல்லைக் கேட்கவில்லை” என்ற சமாதானம் சிறு காயங்களின் விஷயத்தில் செல்லக்கூடும். மரணம் நேர்ந்தவிடத்தும், வேலை செய்யும் சக்தி முற்றும் நிரந்தரமாக அழிந்தவிடத்தும் அது செல்லாது.

தொகை எவ்வளவு

மரணம் நேர்ந்தால், மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கேற்ப அட்டவணையில் கொடுக்கப்பட்டுள்ள எண்ணால் பெருக்கவேண்டும். வரும் தொகையும் ரூ. 1,20,000-மும் ஆகிய இவற்றில் எது அதிகமோ அதுவே நஷ்டஈடு. மாதச் சம்பளத்தை ரூ. 15,000 வரையில் கணக்கிற் கொள்ளும்படி மத்திய சர்க்கார் 2020-ம் வருஷம் ஜனவரி மாதம் 3-ந் தேதி முதல் உத்தரவு செய்தனர். 40 வயதுக்கு உரிய எண் 184.17. அவ்வுத்தரவின்படி, மாதம் ரூ. 15,000 பெற்ற 40 வயதுத் தொழிலாளிக்கு ரூ. 7,500-ஐ 184.17-ஆல் பெருக்க, ரூ. 13,81,275 ஆகிறது. விதவையின் கையில் வைக்கப்பட்ட பதினாயிரம் ரூபாயை இத்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

பணம் செல்லவேண்டிய வழி

மரணம் நேர்ந்தவிடத்து, நஷ்டஈட்டை முதலாளி நேரே குடும்பத்தாரிடம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள முடியாது. அதனை இதற்கென நியமிக்கப்பட்ட கமிஷனரிடம் கட்டவேண்டும். ஆபத்துக் காலத்தில் உதவும்பொருட்டு, மூன்று மாதச் சம்பளத்துக்கு மேற்படாமல் முன்பணம் கொடுக்கலாம், அது கழித்துக்கொள்ளப்படும். அதற்கு மேல் தனியே கொடுத்தது எதுவும் நஷ்டஈடாக எண்ணப்படமாட்டாது. கைநாட்டு வாங்கிய காகிதமும் முதலாளியைக் காவாது. உரிய காலத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்டத் தவறினால் வருஷத்துக்கு நூற்றுக்கு 12 வட்டியும், தகுந்த காரணமில்லையெனில் தொகையில் பாதிவரை அபராதமும் சேரும்.

இவ்வேற்பாடு விதவையின் நன்மைக்கே செய்யப்பட்டது. பணம் கைக்கு வந்த மறுநாளே உறவினரும் கடன் கொடுத்தவரும் சூழ்ந்துகொள்வது உலக வழக்கம். கமிஷனர் ஒரு டிரஸ்டியைப் போல நின்று, சார்ந்தோருக்குள் பங்கு பிரித்து, மைனர்களின் பங்கை அவர்கள் நன்மைக்காக முதலீடு செய்து வைக்கிறார்.

ஆஸ்தி வேறு, நஷ்டஈடு வேறு

எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம் இதுவே. இறந்தவர் விட்டுச் சென்ற நிலம், வீடு, கால்நடை, சேமிப்பு ஆகியவை அவருடைய ஆஸ்தி. அவை வாரிசுகளைச் சேரும். அவருடைய கடன்களுக்கும் அவை ஈடு. நஷ்டஈடோ இறந்தவர் தேடிவைத்த பொருளன்று. அவரை நம்பியிருந்தவர்கள் அவரை இழந்ததற்காகச் சட்டம் அவர்களுக்கே அளிப்பது. ஆதலால் அது வாரிசுகளுக்கன்றிச் சார்ந்தோருக்குரியது. மனைவி, மைனர் மகன், மணமாகாத மகள், விதவைத் தாய் ஆகியோர் இவர்களில் முதல் வரிசையினர். தனியே சம்பாதிக்கும் திடகாத்திரமான மூத்த மகன் நிலத்துக்கு வாரிசாகலாம், நஷ்டஈட்டுக்குச் சார்ந்தோராகமாட்டார்.

இதே காரணத்தால் நஷ்டஈட்டுப் பணத்தை ஜப்தி செய்யவும், ஈடாக எழுதி வாங்கவும், பழைய பாக்கிக்கு வரவு வைத்துக்கொள்ளவும் எவருக்கும் பாத்தியதை இல்லை. கூட்டுறவுச் சங்கமும் இதற்கு விலக்கன்று. சங்கம் தன் பாக்கிக்கு இறந்தவரின் ஆஸ்தியையும் ஜாமீன்தாரர்களையும் நாடலாம். விதவையின் நஷ்டஈட்டை நாடலாகாது. பஞ்சாயத்தாருக்கு இது கசப்பாகத் தோன்றக்கூடும். ஆனால் அங்கத்தினரின் குடும்பம் தெருவில் நிற்க, சங்கத்தின் பேரேட்டில் மட்டும் பாக்கி தீர்வது கூட்டுறவின் நோக்கமாகாது.

வழியில் நேரும் விபத்து

வேலைக்குப் போகும் வழியில் விபத்து நேர்ந்தால் என்ன என்னும் கேள்வி நெடுநாளாக இருந்தது. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் காவற்காரர், விடியற்காலை 3 மணி வேலைக்குச் செல்லும்போது, ஆலைக்குச் சுமார் 5 கிலோமீட்டர் தூரத்தில் 2003-ம் வருஷத்தில் விபத்தில் இறந்தார். கமிஷனர் நஷ்டஈடு விதித்தார்; ஹைகோர்ட்டு அதனை ரத்து செய்தது. 2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு, வேலையோடு நேரத்தாலும் இடத்தாலும் சூழ்நிலையாலும் சம்பந்தம் காணப்படுமாயின் வழியில் நேர்ந்த விபத்தும் வேலையில் நேர்ந்ததே என்று தீர்ப்பளித்து, கமிஷனரின் உத்தரவை நிலைநிறுத்தியது. புதிய சட்டத் தொகுப்பிலும் இக்கருத்து வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளது. அக்குடும்பம் 22 வருஷங்கள் காத்திருக்க நேர்ந்தது.

செய்யவேண்டுவன

விபத்து நேர்ந்தவுடன் முதலாளிக்கு எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். கூலி விகிதத்துக்கும் வயதுக்கும் உரிய அத்தாட்சிகளைச் சேகரிக்கவேண்டும். இரண்டு வருஷங்களுக்குள் கமிஷனரிடம் மனுச் செய்யவேண்டும். விவரங்களைத் தொழிலாளர் இலாகா அலுவலகத்தில் தெரிந்துகொள்ளலாம். ஆள் வைத்து வேலை வாங்குவோர், கிணற்று வேலையோ யந்திர வேலையோ தொடங்குமுன் தொழிலாளர் நஷ்டஈட்டு இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்வது விவேகம். ஒரு விபத்தால் இரண்டு குடும்பங்கள் அழிவதை அது தடுக்கும். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இவ்விஷயம் வாசிக்கப்பட்டு, எழுத்தறியாத அங்கத்தினருக்கும் விளக்கப்படுமாயின், கைநாட்டு வாங்கும் காகிதங்களுக்கு அக்கிராமத்தில் வேலை குறையும்.