சுவருக்குச் சாந்து பூச அரசன் அனுமதி!

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது தமிழ்நாட்டு வழக்கம். "இந்த வருஷம் பச்சை அடிக்கலாமா, மஞ்சள் அடிக்கலாமா?" என்று வீட்டில் பெரிய விவாதமே நடக்கும். பெரும்பாலும் அம்மா சொல்வதுதான் முடிவு!

தேனி மாவட்டத்தில், சின்னமனூருக்குப் பக்கத்தில் உள்ள பேரூர் மார்க்கையன்கோட்டை. இங்கே ஒருவர் புது வீடு கட்டினால், வரைபடத்தைக் கொடுத்து முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். தெருவுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதற்கு விதிகள் உண்டு. 2019-ல் தமிழகம் முழுவதற்கும் பொதுவான கட்டிட விதிகள் வந்தன. சுவருக்கு என்ன நிறம் பூசுவது என்பது மட்டும் வீட்டுக்காரர் இஷ்டம்.

இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் ஒரு காலத்தில் சுவருக்குச் சாந்து பூசவே அரசன் உத்தரவு தேவைப்பட்டது!

கரூர் சொல்லும் கதை

கரூர் பசுபதீசுவரர் கோவிலில் பழைய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 'கோனேரின்மை கொண்டான்' என்ற பட்டப் பெயருடைய மன்னன், கம்மாளர்களுக்கு வழங்கிய உரிமைகளை அது சொல்கிறது.

கம்மாளர் யார்? தச்சர், கொல்லர், கன்னார், தட்டார், சிற்பி ஆகிய கைவினைஞர்கள்.

அவர்களுக்குக் கிடைத்த உரிமைகள் என்ன? நல்ல காரியத்துக்கும் துக்க காரியத்துக்கும் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வெளியே போகும்போது காலில் செருப்பு அணியலாம். தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக் கொள்ளலாம்.

கொங்கு நாட்டில் கிடைத்த வேறு கல்வெட்டுகளில், மாடி வீடு கட்டும் உரிமையும் இரட்டை வாசல் வைக்கும் உரிமையும் சொல்லப்படுகின்றன.

உரிமை கொடுத்தார்கள் என்றால், அதற்கு முன் அந்த உரிமை இல்லை என்றுதானே அர்த்தம்?

கோவிலைக் கட்டியவர் சிற்பி. கதவைச் செய்தவர் தச்சர். ஆனால் அவர்கள் தங்கள் வீட்டு மண்சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து பூச முடியவில்லை! வீட்டைப் பார்த்ததுமே, "இவன் இன்னார்" என்று ஊருக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் அந்தக் கட்டுப்பாடு.

1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார்கள். அதன் தண்ணீர்தான் கம்பம் பள்ளத்தாக்கை வாழ வைக்கிறது. அந்த அணைக்கும் சுண்ணாம்புச் சாந்துதான் பயன்பட்டது. சுண்ணாம்புக்கு ஏது உயர்வு, தாழ்வு? மனிதன்தான் அதிலும் வேலி போட்டான்.

ஊருக்கே ஒரு நிறம்

ராஜஸ்தானில் இருக்கிறது ஜெய்ப்பூர். 1727-ல் இரண்டாம் ஜெயசிங் மன்னர் உண்டாக்கிய நகரம். 1876-ல் இங்கிலாந்து இளவரசர் அங்கே வந்தார். அவரை வரவேற்க, அப்போதைய மன்னர் ராம்சிங் ஊர் முழுவதும் இளஞ்சிவப்பு நிறம் பூசச் செய்தார்.

இளவரசர் போய்விட்டார். நிறம் போகவில்லை! கோட்டை மதிலுக்குள் உள்ள பழைய நகரில் அந்த நிறத்தைக் காக்க விதி இருக்கிறது. 2019-ல் ஜெய்ப்பூர் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. அந்த அழகைக் காண வெளிநாட்டார் வருகிறார்கள். வியாபாரம் நடக்கிறது.

தெலுங்கானாவில் 2023-ல் வேறு வகையான விதி வந்தது. வெயிலைத் திருப்பி அனுப்பும் 'குளிர் கூரை' அமைக்க வேண்டும் என்பது அது. மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சுப் பூசுவது அதில் ஒரு முறை. கறுப்பு நிறம் வெயிலை விழுங்கும். வெள்ளை நிறம் திருப்பி அனுப்பும். அரசுக் கட்டிடங்களுக்கும் வணிகக் கட்டிடங்களுக்கும் இது கட்டாயம். சிறிய வீடுகளுக்கு அவரவர் விருப்பம்.

கூரைக்கும் விதி

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்தது. கீற்றுக் கூரை பற்றி எரிந்தது. 94 குழந்தைகள் மாண்டனர். நாடே அழுதது. பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. அந்த உத்தரவை யார் குறை சொல்வார்கள்?

ஆனால் ஏழையின் குடிசைக்கும் வெறும் உத்தரவு போட்டால் என்ன ஆகும்? கீற்றைப் பிரித்துவிட்டு அவர் எங்கே போவார்? பணமும் சேர்ந்து வர வேண்டும். குடிசைகளுக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்ட 2010-ல் தமிழக அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. 2024-ல் மற்றொரு திட்டம் வந்தது. அதில் வீடு ஒன்றுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் ஒதுக்கப்பட்டது.

ஆக, வீட்டின் வெளிப்புறத்துக்கு விதி போடுவது புதிதல்ல. அந்த விதி யாருக்காக என்பதுதான் கேள்வி. குழந்தையைத் தீயிலிருந்து காக்கும் விதியை மக்கள் ஏற்பார்கள். ஒரு மனிதனை அவன் வீட்டுச் சுவரைக் கொண்டே தாழ்த்தி வைத்த விதி, இன்று வெறும் கல்லெழுத்தாக நிற்கிறது!