பெயர்ப் பலகைகள் சொல்லும் வரலாறு

அமெரிக்க நாட்டு மாநிலங்களின் தலைநகரங்களைக் கேட்டால் நம்மில் பலர் தயங்காமல் சொல்லிவிடுவோம். ஆனால், நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்லும் ‘லஸ்’ என்னும் இடத்திற்கு அப்பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் விழிக்கின்றோம். தொலைதூர ஊர்களை அறிவது நன்று. சொந்த ஊரை அறியாதிருப்பது நன்றன்று. ஆகவே, தென்சென்னையின் பெயர்ப் பலகைகளைப் படித்தவாறு ஒருமுறை சுற்றி வருவோமா?

நம் மாநிலம் ‘தமிழ்நாடு’ என்ற பெயரைப் பெற்றது 1969-ஆம் ஆண்டு, பொங்கல் திருநாளில். தலைநகரின் பெயர் ஆங்கிலத்திலும் ‘சென்னை’ என்றானது 1996-இல். ஆங்கிலேய வணிகர்கள் இங்கே கோட்டை கட்ட இடம் பெற்றது 1639-இல். மயிலாப்பூரோ அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. உமையம்மை மயில் வடிவில் சிவபெருமானை வழிபட்டதால் இப்பெயர் வந்தது என்பர். ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் இவ்வூரின் திருவிழாக்களைப் பாடியுள்ளார். பங்குனியில் நடைபெறும் அறுபத்துமூவர் விழாவின்போது மாட வீதிகளில் கூடும் மக்கள் வெள்ளத்தை நாம் இன்றும் காண்கின்றோம். அடுத்துள்ள மந்தைவெளியோ ஆடுமாடுகள் மேய்ந்த வெளியாய் இருந்ததைத் தன் பெயரிலேயே வைத்திருக்கின்றது.

‘லஸ்’ என்பது போர்ச்சுகீசியச் சொல். ஒளி என்று பொருள். கடலில் தத்தளித்த மாலுமிகளை ஓர் ஒளி கரைசேர்த்ததாகவும், அவர்கள் நன்றியுடன் அன்னைக்கு ஆலயம் எழுப்பியதாகவும் சொல்வர். அங்குள்ள கல்வெட்டு 1516-ஆம் ஆண்டைக் குறிக்கின்றது. அக்காலத்தில் சுற்றிலும் காடாக இருந்தமையால் மக்கள் அதனைக் ‘காட்டுக் கோயில்’ என்றனர். காடு போயிற்று, பெயர் நிற்கின்றது.

சாந்தோம் என்பது புனித தோமையாரின் பெயரே. கி.பி. 72-இல் பரங்கிமலையில் உயிர்நீத்த அவர் மயிலையில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது வழிவழி வந்த மரபு. அக்கல்லறை மீது இன்று நாம் காணும் வெண்ணிறப் பேராலயம் 1896-இல் கட்டப்பட்டது. 1986-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இங்கு வருகை தந்தார்.

கடற்கரையோரமாகச் சற்று வடக்கே சென்றால் இராணி மேரிக் கல்லூரி. 1914-இல் தொடங்கிய இதுவே நம் நகரின் முதல் மகளிர் கல்லூரி. 2003-இல் இதனை இடித்துத் தலைமைச் செயலகம் கட்டத் திட்டமிட்டபோது மாணவியர் ஒன்றுகூடிப் போராடினர், திட்டம் கைவிடப்பட்டது. தெற்கே அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. நோயினால் தம் தங்கையை இழந்த துயரமே அவரை இப்பணிக்குத் தூண்டிற்று. திருமதி ருக்மிணி தேவி 1936-இல் நிறுவிய கலாக்ஷேத்திரம், பரதக் கலையைக் கற்பிக்கும் இடமாக இன்று திருவான்மியூரில் விளங்குகின்றது.

இறுதியாகத் தியாகராய நகர். நீதிக் கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயர் தாங்கிய இப்பகுதி 1920-களில் உருவானது. பனகல் பூங்காவும் கடைவீதிகளும் நாம் அறிந்தவையே. ஆனால், அவை எழுவதற்கு முன் அவ்விடத்தில் நீண்டு கிடந்தது ஓர் ஏரி! ஏரியை வடித்தே நகர் அமைத்தனர். மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்ற பலகை இன்றும் உண்டு. அங்கு நின்று பார்த்தால் ஏரி மட்டும் இல்லை.

பழைய கதைதானே என்று விட்டுவிடலாமா? 2015 டிசம்பரில் பெருமழை பெய்தது, அடையாறு கரைபுரண்டது, மேற்கு மாம்பலத்துத் தெருக்களிலும் வெள்ளம் புகுந்தது. நாம் மறந்த ஏரியைத் தண்ணீர் மறக்கவில்லை.

கோவில், பேராலயம், கல்லூரி, மருத்துவமனை ஆகிய யாவும் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற செல்வங்கள். ஏரியும் அத்தகைய செல்வமே. அதனை மட்டும் நாம் காக்கத் தவறினோம். ஆகவே தோழியரே, இன்று மாலை வீடு திரும்பியதும் பாட்டி தாத்தாவிடம், “நம் தெருவுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?” என்று கேட்போம். அறிந்தவற்றையன்றோ நாம் காக்க முடியும்!