நமக்கு மருந்து, அவற்றுக்கு நஞ்சு

பூனை சாப்பிடாமல் சுருண்டு படுத்திருக்கிறது. தொட்டால் உடம்பு சுடுகிறது. மறுநாள் காலையில்தான் மருத்துவமனை திறக்கும். அதுவரை தாங்கட்டும் என்று வீட்டிலிருக்கும் காய்ச்சல் மாத்திரையைப் பாதியாக உடைத்து, பாலில் கரைத்துப் புகட்டிவிடுகிறார்கள். அக்கறையால் செய்த காரியம்தான். ஆனால் ஒரு பூனையின் உயிரைப் பறிக்க அந்தப் பாதி மாத்திரை போதும்.

நாய், பூனை வளர்க்கிறவர்களுக்கு ஒரு கால்நடை மருத்துவராக நான் அழுத்திச் சொல்லும் அறிவுரை இதுதான்: மனிதர்களுக்கான மருந்தை நீங்களாகவே அவற்றுக்குக் கொடுக்காதீர்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பூச்சி மருந்து பற்றியெல்லாம் இன்று பலருக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டு மருந்துப் பெட்டியும் சமையலறையும் எவ்வளவு ஆபத்தானவை என்பது மட்டும் இன்னும் பலருக்கு எட்டவில்லை.

உடம்பு சுட்டால் காய்ச்சலா?

நம் உடல் வெப்பம் 98.6 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கும் பூனைக்கும் ஏறக்குறைய 101 முதல் 102.5 வரை இருப்பதே இயல்பு. அதனால் நலமாக இருக்கும் நாயைத் தொட்டாலும் நம் கைக்குச் சூடாகத்தான் தெரியும். மூக்கு காய்ந்திருப்பதை வைத்தும் காய்ச்சல் என்று முடிவு கட்ட முடியாது. தூங்கி எழுந்த நாயின் மூக்கு உலர்ந்திருப்பது சாதாரணம். நுனியில் வாசலின் தடவிய டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பார்த்தால்தான் சரியான அளவு தெரியும். 103-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கையால் தொட்டுப் பார்த்து மாத்திரையைத் தேடாதீர்கள்.

பூனைக்கு ஏன் இவ்வளவு ஆபத்து?

காய்ச்சல் மாத்திரையிலிருக்கும் பாராசிட்டமால் நம் உடலுக்குள் போனதும், கல்லீரல் அதை வேறு பொருள்களோடு சேர்த்து, சிறுநீரில் எளிதாக வெளியேறும்படி மாற்றிவிடுகிறது. இந்த வேலைக்கான நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. வெளியேற வழியில்லாத மருந்து நச்சாக மாறி ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. பூனை எவ்வளவு மூச்சு இழுத்தாலும் உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச் சேர்வதில்லை.

கணக்குப் பார்ப்போம். உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற அளவிலேயே பூனைகள் பாதிக்கப்பட்டதுண்டு. 650 மில்லிகிராம் மாத்திரையில் பாதி என்றால் 325. நான்கு கிலோ பூனைக்கு அது கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்கு மேல்.

இந்தப் பாதிப்பைக் கண்ணால் பார்த்தே அறியலாம். பூனையின் மேல் உதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பாருங்கள். நலமாக இருந்தால் இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பும். பாராசிட்டமால் நஞ்சேறிய பூனையின் ஈறு பழுப்பாகவோ நீலம் பாய்ந்தோ தெரியும். முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து உண்டு. ஆனால் சில மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் பலன் முழுதாகக் கிடைக்கும்.

வலி மாத்திரைகள்

நாய் நொண்டுகிறது என்று ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் கொடுப்பதும் இதே போன்ற தவறுதான். இவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும். அளவு கூடினால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கறுப்பாகத் தார் போல மலம் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். நாய்களுக்கென்றே தனியாக வலி மருந்துகள் இருக்கின்றன; எடை பார்த்து மருத்துவர் எழுதித் தருவார்.

ஓர் உயிருக்கு ஒத்துக்கொள்ளும் மருந்து இன்னோர் உயிரை என்ன செய்யும் என்பதை இந்தியா பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 1990-களில் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. மாடுகளுக்கு வலி போக்கக் கொடுத்த டைக்ளோஃபினாக்தான் காரணம் என்று 2004-இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். செத்த மாட்டின் இறைச்சியில் எஞ்சியிருந்த மருந்தே கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்துவிட்டது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைப் பயன்படுத்த அரசு தடை விதித்தது. நாயும் பூனையும் சின்ன மனிதர்கள் அல்ல. அவற்றின் கல்லீரலும் சிறுநீரகமும் வேறு விதமாக வேலை செய்பவை.

சாம்பாரும் பாயசமும்

நம் வீடுகளில் நாய்க்குச் சாம்பார் சாதம் பிசைந்து வைப்பது வழக்கம். அதிலிருக்கும் வெங்காயம் நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் சிதைக்கும். வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் நச்சுத்தன்மை போகாது. பூனைக்குக் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே போதும். நாய்க்கு 15 முதல் 30 கிராம். பூண்டு இன்னும் கடுமையானது. பாதிப்பு உடனே தெரியாது. சில நாள் கழித்துச் சோர்வு, வெளிறிய ஈறு, அடர்ந்த நிறத்தில் சிறுநீர் என்று வெளிப்படும்.

திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். எல்லா நாய்களுக்கும் இப்படி ஆவதில்லை. எதற்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. திராட்சையிலிருக்கும் டார்ட்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்ற கருத்தை 2021-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் முன்வைத்தார்கள். புளியிலும் அதே அமிலம் மிகுதி. புளியைத் தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. ஆகவே புளியோதரை, உலர்திராட்சை சேரும் கேசரி, பாயசம் எதையும் நாய்த் தட்டில் வைக்காதீர்கள். வெறும் சோறும், உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழியும் தனியாக எடுத்து வையுங்கள்.

சாக்லேட்டிலிருக்கும் தியோபுரோமினை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றும். நிறம் அடர்ந்த சாக்லேட்டும் கொக்கோ பொடியும் கூடுதல் ஆபத்து. சர்க்கரை இல்லாத சூயிங்கம் சிலவற்றில் சைலிட்டால் இருக்கும். நாய் அதைத் தின்றால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரை சரிந்து வலிப்பு வரலாம்.

உண்ணி மருந்திலும் கவனம்

நாயின் கழுத்தில் விடும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய்க்கு அது பாதுகாப்பானது. பூனைக்கு விட்டால் உடம்பெல்லாம் உதறி, வலிப்பு வந்து சாகலாம். மருந்து விட்ட நாயோடு ஒட்டிப் படுத்த பூனைகளும் பாதிக்கப்படுவதுண்டு. இரண்டையும் வளர்ப்பவர்கள் மருந்துக் கடையில் வாங்கும்போதே ‘பூனைக்கு ஆகுமா’ என்று கேளுங்கள். உண்ணிக்குப் போடும் ஐவர்மெக்டினும் ‘காலி’ (Collie) போன்ற சில இன நாய்களின் மூளையைப் பாதிக்கும். அந்த இனங்களில் காணப்படும் ஒரு மரபணுக் குறையே அதற்குக் காரணம்.

தின்றுவிட்டால் என்ன செய்வது?

முதலில் வாயில் மிச்சம் இருப்பதை எடுத்துவிட்டு, தின்ற பொருளை அப்புறப்படுத்துங்கள். பிறகு மூன்று விவரங்களைத் தயாராக வைத்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள்: என்ன தின்றது, எவ்வளவு, எப்போது. மாத்திரை அட்டையையோ பாக்கெட்டையோ கையோடு எடுத்துப் போங்கள்.

உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே நஞ்சாகிவிடும். பால், எண்ணெய், முட்டை எதுவும் விஷத்தை முறிக்காது. மயங்கியோ வலிப்பிலோ இருக்கும்போது எதைப் புகட்டினாலும் நுரையீரலுக்குள் போய்விடும். தின்று ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால், வாந்தி எடுக்க வைப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர் தீர்மானிப்பார்.

‘நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று காத்திருக்கவும் வேண்டாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை எலி மருந்துக் கட்டியைத் தின்ற நாய் இரண்டு மூன்று நாள்வரை வழக்கம் போலத்தான் இருக்கும். அதற்குப் பிறகுதான் உடலுக்குள் ரத்தக் கசிவு தொடங்கும். அந்த இடைவெளியில் கொண்டுவந்தால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றிவிட முடியும்.

இன்றே மூன்று காரியங்கள் செய்யுங்கள். மாத்திரைகளைக் கைப்பையிலும் தலையணை அருகிலும் வைக்காமல், கதவுள்ள அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். நாய்க்கும் பூனைக்கும் எதைக் கொடுக்கக் கூடாது என்பதைக் குழந்தைகளுக்கும் வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கும் சொல்லுங்கள். உங்கள் கால்நடை மருத்துவரின் எண்ணோடு, இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணையும் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். எந்த மாத்திரையை உடைக்கும் முன்பும் அந்த எண்ணை அழையுங்கள்.